ரயில்கேட்டுக்கு அந்தப் பக்கம்

மணியம்மாளின் சமையல்கட்டு போன அன்று கோமளா வாசலில் உட்கார்ந்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்த நேரம். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தால் பக்கத்து வீட்டின் கிழக்குச் சுவர் இருந்த இடத்தில் கடல் தெரிந்தது. மணியம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி, மிதந்து போகும் சோத்துக் குண்டானை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கோமளா இறாலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"இன்னா மணியக்கா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லமே. அம்மா எட்டிப் பாத்துட்டுப் போறா." மணியம்மாள் சிரிக்கப் பார்த்தாள். "அந்த அம்மிய ஒரு கை புடி. அதுவாவது இருக்கட்டும்."

பாலையான்குப்பத்தில் அப்படித்தான் பேசுவார்கள். கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு, அதன்மேல் ஊர். ஆம்பிளை தண்ணீரில் இருக்கும்போது பெண்சாதி தண்ணீரைப் பற்றிக் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. தண்ணீர் வரும், தண்ணீர் ஏறும், தண்ணீர் கொண்டுபோகும் என்றெல்லாம் வாயில் வரக் கூடாது. ஊரில் எந்த நேரமும் யாராவது ஒருத்தன் தண்ணீரில்தான் இருந்தான். அதனால் எந்த நேரமும் சொல்ல முடியாது. சுவர் ஊறினால் 'ஓதம்' என்பார்கள். வீட்டுக்குள் அலை வந்தால் 'அம்மா வந்தா' என்பார்கள். மழையில் கூரை ஒழுகினால்கூட 'ஈரம்'தான்.

கோமளாவின் அம்மா ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாள். அடுப்பில் வைத்த உலையை அலை அணைத்துவிட்ட ஆத்திரத்தில், 'இந்தத் தண்ணி எல்லாத்தையும் வாரிக்கினு போவட்டும்' என்று சொன்னாள். அன்றைக்குக் கடலுக்குப் போன கோமளாவின் நைனா திரும்பி வரவில்லை. அம்மாவை ஊரில் யாரும் ஏசவில்லை. அவள் வருகிற வழியில் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். சாகிற வரைக்கும் அம்மா தண்ணீர் வேண்டும் என்றால்கூடச் சொம்பைக் கையால் காட்டுவாள்.

அம்மியைத் தூக்கி வந்து தன் வீட்டு வாசலில் போட்டுவிட்டு, கோமளா தன் வீட்டின் கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவர் குளிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலைக்கும் உள்ளே ஏதோ அசைவது போலக் கைக்குத் தெரிந்தது. ஐப்பசி பிறக்க அதிக நாள் இல்லை.

உலகநாதன் ஏரியிலிருந்து வந்து பார்த்தான். இடிந்த சுவரைப் பார்த்தான், தன் சுவரைப் பார்த்தான். வலையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னான்.

"மோகனுக்கு போன் போடு. அந்தப் புரோக்கர் நம்பரு கேளு."

*

மோகன்குமார் உலகநாதனின் தம்பி. போன வருஷம் ஆனி மாதம் பொன்னேரிப் பக்கம் வெண்ணிலா நகரில் மனை வாங்கி ஓட்டு வீடு கட்டிக் குடிபோனவன். தொழில் நாளில் இங்கே படகில் இருப்பான், ஓய்வு நாளில் அங்கே போவான்.

புரோக்கர் பிரபாகரன் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பையன். வெள்ளைச் சட்டை, காதில் புளூடூத். பஸ் நிறுத்தத்திலேயே வந்து நின்றான்.

"ரெண்டு எடம் இருக்குதுண்ணா. ஒண்ணு வெண்ணிலா நகரு, ரயில்கேட்டுக்கு இந்தாண்ட. இன்னொண்ணு துளசி நகரு, கேட்டுக்கு அந்தாண்ட. நடுவுல தண்டவாளம், அவ்ளோதான் வித்தியாசம். இங்க நின்னு கூப்ட்டா அங்க கேக்கும்."

"வெல?"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான். வெலய வுடுங்க, மனசுக்கு எது புடிக்குதோ பாருங்க."

வெண்ணிலா நகர் ஒரு காலத்தில் வயல். இப்போது வரிசையாக நட்ட கற்களுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். மண் கருப்பாக, வெடித்துக் கிடந்தது. ஓரமாகக் கோரை முளைத்திருந்தது. உலகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு மனைக்குள் நடந்தான். நாலு பக்கமும் பார்த்தான். திடீரென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இங்க வாமே. இத்தப் பாரு."

கோமளா போனாள். மண்ணில் வட்டமாக ஒரு ஓட்டை. வாயைச் சுற்றி உருண்டை உருண்டையாக மண். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கல்லுக்கு அடியில் இன்னொன்று.

"நண்டு வளை," என்றான். முகம் மலர்ந்திருந்தது. இடம் பார்க்கக் கிளம்பியதிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். "நம்ம ஊரு மாதிரியே கீது. எனக்கு இன்னாமோ அந்நியமாத் தோணல இந்த எடம்."

கோமளாவுக்கு நண்டைத் தெரியும். நண்டு சும்மா வளை தோண்டாது. அதற்குக் காலுக்கடியில் ஈரம் வேண்டும், தலைக்குமேல் எப்போதாவது தண்ணீர் நிற்க வேண்டும். அவனுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் சந்தோஷப்படுகிறான். தண்ணீர் இருக்கிற இடம்தான் அவனுக்கு இடம்.

அவள் சொல்ல வாயைத் திறந்தாள். விடிந்தால் அவன் ஏரிக்குப் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

"கடை கண்ணி ஒண்ணும் காணோமே," என்றாள்.

"வந்துரும்கா. மளிகைக் கடைக்கு ஆளு பாத்துக்கினு போயிருக்கான்," என்றான் பிரபாகரன்.

"சுடுகாடு எங்கனா பக்கத்துல இருக்குதா?"

"அது துளசி நகரு பக்கம்கா."

உலகநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கேட்டியா? நீயே கேட்டு நீயே மாட்டிக்கினே."

"செத்தவங்க நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்றாள் கோமளா.

கேட்டைத் தாண்டித் துளசி நகருக்கும் போனார்கள். தாண்டுவதற்கே நின்று நின்று கால் வலித்தது. கும்மிடிப்பூண்டி வண்டி போனது, கேட் திறக்கவில்லை. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று ஊர்ந்து வந்தது, போய் முடிவதாக இல்லை. அந்தப் பக்கம் செம்மண் மேடு. காற்றடித்தால் கண்ணில் மண் விழுந்தது. உலகநாதன் செருப்பைக் கழற்றவில்லை. மனைக்குள்ளும் போகவில்லை. தெருவிலேயே நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "பாத்தாச்சு, போலாம்," என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது கோமளா மெதுவாக ஆரம்பித்தாள். மகள் பேரை வைத்துத்தான் அவனைக் கூப்பிடுவாள்.

"தேவி நைனா, அந்த மேடு நல்லா காத்தோட்டமா இருக்குதில்ல? தேவிக்குக் காலேஜும் கிட்ட."

"கேட்டப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பால இன்னா பேச்சு? எனக்குப் பாடு போச்சுன்னா உனக்குக் காத்தோட்டம் சோறு போடுமா?"

ஏரியில் மீன் மொய்க்கிற இடங்களை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு இருந்தால் சோறு இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த இடம் என்பதற்கு எல்லையம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போடுவார்கள். முன்கூட்டியே நாள் குறிப்பது கிடையாது. ஏரி நீர் நிறம் திரும்புகிற விடியலில் ஊர்த் தலைவரான நாட்டார் பார்த்துச் சொல்லுவார். இப்போது வாட்ஸ்அப்பில் சொல்லுகிறார். வெயில் கோயில் படிக்கு வந்ததும் ஓட்டின்மேல் சூடக் கட்டியை வைத்துக் கொளுத்துவார்கள். அது அணைவதற்குள் வீட்டு ஆம்பிளை நேரில் வந்து, பேர் சொல்லும்போது 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். தவறினால் அந்த முறை போச்சு. இன்னொரு தடவை தவறினால் பேரையே எடுத்துவிடுவார்கள்.

*

புரட்டாசியில் ஒரு விடியலில் செய்தி வந்தது. ஆம்பிளைகள் கோயில் முன்னால் கூடினார்கள். பெண்கள் வலை உலர்த்தும் கம்புகளுக்குப் பின்னால் நின்றார்கள். சூடம் எரிய ஆரம்பித்தது. நாட்டார் பேர் வாசித்தார்.

"உலகநாதன்."

"இருக்கேன்."

"மோகன்குமார்."

"இருக்கேன்." அவன் முந்தின நாளே படகில் வந்து படுத்திருந்தான்.

"தருமன்."

பதில் இல்லை. தருமன் தை மாதம் துளசி நகருக்குக் குடிபோனவன். நாட்டார் இன்னொரு தரம் கூப்பிட்டார். சூடம் சுருங்கிக்கொண்டே வந்தது. எல்லோரும் ஊருக்குள் வரும் பாலத்துப் பக்கம் பார்த்தார்கள். யாரோ ஒருத்தன் மணலில் ஓடி வருவது தெரிந்தது. விழுந்து எழுந்து ஓடி வந்தான். அவன் கம்புகளைத் தாண்டும்போது ஓட்டின்மேல் கருப்புக் கறை மட்டும் இருந்தது.

"இருக்கேன்," என்றான் தருமன். மூச்சு வாங்கியது. "நாட்டாரே, இருக்கேன். கேட்டு போட்டுட்டான். கூட்ஸு நின்னுடுச்சு. பஸ்ஸு அந்தாண்டயே…"

"நானா அணச்சேன் தருமா? அதுவா அணஞ்சுது."

பின்னாலிருந்து ஒருத்தன், "பேசாம கூட்ஸுக்கு ஒரு பாடு எழுதிடுங்க நாட்டாரே. அதான் தெனம் நேரத்துக்கு வருது," என்றான். சிலர் சிரித்தார்கள். தருமன் சிரிக்கவில்லை. அந்த ஓட்டுச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். சூடு இன்னும் இருந்திருக்க வேண்டும், விரலை உதறினான்.

வீட்டுக்கு வந்த உலகநாதன் மடவை மீன் குழம்பைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தான்.

"பாத்தியாமே அவன் மூஞ்சிய?"

"பாத்தேன்."

"பாடு இல்லாதவன் இன்னாமே பண்ணுவான்? போர்ட்டுல வாட்ச்மேன் வேலைக்கா போவான்?" எழுந்து கை கழுவினான். "வெண்ணிலா நகரையே பேசி முடிச்சிட்றேன். வர்ற வெள்ளிக்கெழம அட்வான்ஸு."

அன்று மத்தியானம் அலை அவர்கள் வாசல்படியைத் தொட்டுவிட்டுப் போனது. கோமளா அம்மியைப் படியோரமாக நகர்த்தி வைத்தாள். அது எதைத் தடுக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

வியாழக்கிழமை அவள் பழவேற்காட்டு மார்க்கெட்டில் கூடையைச் சீக்கிரமாகவே காலி செய்தாள். கொஞ்சம் நண்டை மட்டும் தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறி, வெண்ணிலா நகரில் மாலா வீட்டுக்குப் போனாள். மாலா மோகன்குமாரின் பெண்சாதி, அவளுக்கு ஓரகத்தி.

"வாக்கா, இன்னா திடீர்னு? ஒக்காரு. டீ போடறேன்."

"நாளைக்கு அட்வான்ஸு குடுக்கறாரு. அதான், ஒன்ன ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு."

மாலாவின் கை டீத்தூள் டப்பாவில் ஒரு கணம் நின்றது. "நல்லதுக்கா. பக்கத்துலயே இருக்கலாம்," என்றாள்.

கோமளா உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுத்தமான வீடு. ஆனால் சுவரில் இடுப்பு மட்டத்துக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு புதிதாக, பளிச்சென்று இருந்தது. மேலே பழைய சுண்ணாம்பு மங்கிக் கிடந்தது. இரண்டும் சேருகிற இடம் கோடு போட்ட மாதிரி நாலு சுவரையும் சுற்றி ஓடியது. அரிசி டின் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கியது. கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். படகு கட்டுகிற முடிச்சு.

"சுண்ணாம்பு அடிச்சியா மாலா?"

"ஆமாங்கா. கொஞ்சம் ஓதம்."

"எப்ப?"

"போன கார்த்திகை மாசம்."

"மோகனுக்குத் தெரியுமா?"

"அவுரு அப்ப படகுல இருந்தாரு. வரதுக்குள்ள அடிச்சு முடிச்சிட்டேன்." மாலா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "தண்…" நிறுத்திக்கொண்டாள். "ஏரிக்குப் போற மனுசங்கா. இன்னான்னு சொல்றது?"

"இந்தத் தெருவுல மத்தவங்க?"

"நம்ம ஊருக்காரங்க இன்னும் ரெண்டு ஊடு இருக்குது. அவங்க ஊட்டுலயும் ஓதம்தான். நாங்க ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கறது இல்ல."

டீ பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குட்டிய எங்க வெச்சிருந்தே அன்னிக்கி?" கோமளா கேட்டாள். மாலாவுக்கு நடை பழகாத பெண் குழந்தை.

மாலா நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். அகலம் இல்லாத பரண். அதன் விளிம்பில் ஒரு பழைய புடவையைக் கட்டித் தடுப்பு போல இழுத்திருந்தாள். இன்னும் அவிழ்க்கவில்லை.

கோமளா நண்டுப் பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

வெள்ளிக்கிழமை விடியலில் வாடைக்காற்று எடுத்திருந்தது. உலகநாதன் ஏரிக்கரையில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். காலைத் தொழிலை முடித்துவிட்டு வந்து, மத்தியான பஸ்ஸில் அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக ஏற்பாடு. கோமளா கஞ்சித் தூக்கோடு கரையில் நின்றாள். கொடுக்கவில்லை.

"குடுமே. காத்து ஏறுது."

"தேவி நைனா."

"இன்னா?"

அவள் அம்மாவின் முகம் கண்முன் வந்தது, சொம்பைக் காட்டுகிற அந்தக் கையும் வந்தது. காலுக்கடியில் சேறு வழுக்கியது. அதே நேரம் பரணில் கட்டின புடவையும் தெரிந்தது.

"அங்க தண்ணி வரும்," என்றாள்.

அவன் படகிலிருந்து கையை எடுத்தான்.

"வெண்ணிலா நகருல தண்ணி வரும். இடுப்பு வரிக்கும் வரும். வந்திருக்குது. மாலா கொழந்தயப் பரண்மேல போட்டுட்டு நின்னிருக்கறா."

பக்கத்துப் படகுக்காரன் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகத் துடுப்பைப் போட்டுக்கொண்டு விலகினான். உலகநாதன் ஏரியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கஞ்சித் தூக்கை வாங்காமல் படகில் ஏறிப் போய்விட்டான்.

அன்றைக்கு அவள் கரையை விட்டு அசையவில்லை. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. ஏரி மேலெல்லாம் வெள்ளையாகப் புரண்டது. படகுகள் ஒன்றொன்றாகத் திரும்பின. ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரிந்ததிலிருந்து ஆள் முகம் தெரிகிற வரைக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இது இல்லை. இதுவும் இல்லை. மணியம்மாள் வந்து பக்கத்தில் நின்றாள். எப்படியோ ஊருக்குள் சேதி போயிருந்தது.

"இன்னாத்துக்குமே சொன்னே?"

"சொல்லலன்னா அட்வான்ஸு குடுத்துடுவாரு."

"அதுக்காவ? அவன் வந்து சேர்ந்தப்பறம் சொல்லக் கூடாதா?"

"வந்து சேர்ந்தா மறுபடி போவாருக்கா. எப்பதான் சொல்றது?"

கரையிலிருந்த மற்றவர்களைப் போல மணியம்மாள் விலகிப் போய்விடவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மத்தியான பஸ்ஸின் நேரம் போனது. கோயில் மணி அடித்தது. கோமளா அம்மனைக் கும்பிடப் பயந்தாள். கும்பிட்டால் கேட்கப் போவதும் தண்ணீரைப் பற்றித்தானே.

கடைசிப் படகு அவனுடையது. பாய் கிழிந்து தொங்கியது. வலை இல்லை, காற்றில் அறுத்துவிட்டிருக்க வேண்டும். உலகநாதன் இறங்கி, மார்பளவு தண்ணீரில் படகை இழுத்துக்கொண்டு வந்தான். அவள் கஞ்சித் தூக்கோடு தண்ணீர் ஓரம் வரை போனாள்.

அவன் பக்கத்தில் வந்து நின்றான். மேலெல்லாம் சொட்டியது.

"படகுலேர்ந்து மாலாவுக்கு போன் போட்டேன்," என்றான்.

"இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அழுவுது. நீ சொன்னது நெசமானு கேட்டா, அழுவுதே தவிர இல்லன்னு சொல்லல." கைநீட்டிக் கஞ்சித் தூக்கை வாங்கினான். கஞ்சி எப்போதோ ஆறிப்போயிருந்தது. நின்றபடியே குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

*

பிரபாகரன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டினான். இந்தப் பக்கம், துளசி நகரை இன்னொரு தடவை பார்க்க வந்த உலகநாதனும் கோமளாவும் நின்றிருந்தார்கள். மணி அடித்தது, கேட் இறங்கியது. தெற்கே கூட்ஸ் என்ஜினின் விளக்கு தெரிந்தது.

உலகநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். சூடக் கட்டி. ரோட்டோரத்தில் கிடந்த ஓட்டுச் சில்லின்மேல் வைத்து, குனிந்து கொளுத்தினான். காற்று படாமல் இரண்டு கையையும் சுற்றிக் குவித்துக்கொண்டான். பைக்கில் காத்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் வண்டியில் உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என்ஜின் போனது. பெட்டி பெட்டியாக நிலக்கரி போனது. தரை அதிர்ந்தது. கோமளா ஒரு கண்ணால் சூடத்தையும் ஒரு கண்ணால் வண்டியையும் பார்த்தாள். கட்டி பாதியானது. பட்டாணி அளவானது. பெட்டிகள் இன்னும் வந்துகொண்டே இருந்தன. கடைசியாக ஒரு நீலத் துளி துடித்து, அணைந்தது. வண்டி அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது.

அவன் குவித்த கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தான்.

அவன் எழுந்து திரும்பி நடந்துவிடுவான் என்று நினைத்தாள். பின்னால்தான் வெண்ணிலா நகர். நாலு எட்டு வைத்தால் போதும்.

கேட் ஏறியது. ஹாரன்கள் அலறின. உலகநாதன் எழுந்து ஓட்டுச் சில்லைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"நீர் நெறம் திரும்பற மாசத்துல நான் குப்பத்துலயே, படகுலயே படுத்துக்கறேன்," என்றான். "நீயும் தேவியும் இங்க இருங்க."

அந்தச் சுவர், அந்த அலை, அதன் பக்கத்தில் படகில் தனியாக அவன். கோமளா நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு எப்படியும் தூக்கம் வரப் போவதில்லை.

"செரி," என்றாள்.

தண்டவாளத்தை அவன்தான் முதலில் தாண்டினான். துளசி நகர் மனையில் இந்தத் தடவை செருப்பைக் கழற்றினான். பிரபாகரன் அளவு சொல்லிக்கொண்டே பின்னால் வந்தான், உலகநாதன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு மூலைக்கும் நடந்தான். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் குனிந்து பார்த்தான். செம்மண்ணில் எறும்புப் புற்றுகள் மட்டும் இருந்தன. நடுமனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கை மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டான். அது பொலபொலவென்று காய்ந்து கொட்டியது.

"ஒரு வளைகூட இல்லமே," என்றான்.

குரல் யாரையோ பறிகொடுத்தவன் குரல் மாதிரி இருந்தது. கோமளா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மண் சுட்டது. உள்ளங்கையைத் தரையில் வைத்து, அன்றைக்குச் சுவரில் வைத்த மாதிரியே அழுத்திப் பார்த்தாள். அடியில் எதுவும் அசையவில்லை. அடுத்த ரயில் வருகிற வரைக்கும் அசையவில்லை.